தார் கொதித்த ஞாயிறு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அடுத்ததாகக் கை நீளும். இரண்டுக்கும் நடுவில் யோசிப்பதற்கென்று மற்றவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறதாம். எனக்கு அதை வைக்க மறந்துவிட்டார்கள். ஒருமுறை கடைக்கு வந்த ஒருவர், நான் விற்ற ஆணி துருப்பிடித்தது என்று சொன்னதற்காக, மேசையில் இருந்த இரண்டு கிலோ படிக்கல்லை எடுத்துக் கண்ணாடி அலுமாரியில் அடித்தேன். அலுமாரியும் என்னுடையது, படிக்கல்லும் என்னுடையது. அவர் பயந்துபோய் அந்த ஆணியையே வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று பின்னேரம் முழுக்க நான் கண்ணாடித் துண்டு பொறுக்கினேன்.

அப்பாவுக்கும் இதே குணம்தான். அவர் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டால் நானும் தங்கையும் கட்டிலுக்குக் கீழே புகுந்துவிடுவோம். அவளை உட்பக்கம் தள்ளிவிட்டு நான் வெளிப்பக்கம் படுத்துக்கொள்வேன். அடி எனக்கு விழும். பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தத் தங்கைக்கு நான் செய்ததைச் சொல்லப் போகிறேன், அதனால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

கண்டியிலிருந்து அம்பிட்டிய போகும் வழியில், வீதியை விட்டு மேலே ஏறும் ஒழுங்கையின் கடைசியில் எங்கள் கேட் இருக்கிறது. கேட்டை ஒட்டினாற்போல் என் வீடு. பின்னால் மேட்டில் தங்கையின் வீடு. கேட்டிலிருந்து அவள் வாசல் வரை நாற்பது எட்டு நடக்கும் தூரத்துக்குச் செங்குத்தான தார்ப் பாதை. அப்பா நிலத்தைப் பிரித்தபோது மேல் துண்டு தங்கைக்குச் சீதனம், கீழ்த் துண்டு எனக்கு, பாதை இருவருக்கும் பொது என்று எழுதி வைத்தார். பொது என்றால் யாரும் கூட்டாத இடம் என்று அர்த்தம். பாசி ஏறி, வெடித்து, வெடிப்பில் புல் முளைத்து, மழை நாளில் அந்தப் பாதையில் தண்ணீர் மட்டும்தான் ஒழுங்காக இறங்கும்.

தங்கை கட்டிக்கொண்டது ஒரு யாழ்ப்பாணத்து மனிதரை. வீதி வேலைகளைப் பார்க்கும் தொழில்நுட்ப அதிகாரி. கண்டிக்கு மாற்றலாகி வந்தவர் அவளைப் பார்த்து, விரும்பி, கேட்டு வந்தார். எங்கள் பூர்வீகம் தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டம்; அங்கே கொழுந்து பறித்த கூலிக் குடும்பம். அப்பா அங்கிருந்து இறங்கி வந்துதான் டவுனில் இரும்புச் சாமான் கடை போட்டார். பெண் பார்க்க வந்த அன்று இதைக் கேட்டதும் மாப்பிள்ளையின் தாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஓ, தோட்டமோ" என்றார். அந்த 'ஓ' பத்து வருடமாக என் காதிலேயே இருக்கிறது. மாப்பிள்ளை அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆனால் அவர் அமைதியாக இருக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவர் பேசுகிறவரும் இல்லை.

தங்கைக்குப் பத்து வருடமாகப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை வந்து இரண்டு முறையும் போய்விட்டது. மூன்றாவது தங்கியது. டொக்டர் மாடிப்படி கூட ஏற வேண்டாம் என்றார். இதில்தான் பாதை எங்கள் கழுத்துக்கு வந்தது.

ஐந்தாம் மாதம், கார்த்திகை மழையில், மாப்பிள்ளை அவளைக் காரில் வைத்து மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். பாதிப் பாதையில் சில்லுகள் பாசியில் சுற்றின. கார் பின்பக்கமாகவே சறுக்கி வந்து என் வீட்டுக் கேட் தூணில் மோதி நின்றது. நான் ஓடி வந்தேன். தங்கை பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, மாப்பிள்ளையின் சேர்ட் கொலரைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் அறைந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி தெறித்து மழைத் தண்ணீரோடு ஓரத்து வடிகானுக்குள் போனது. அவர் திருப்பி அடிக்கவில்லை. கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "முதல்ல அவவை இறக்குங்கோ, பிறகு என்னை அடியுங்கோ" என்றார். அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது.

நல்ல காலம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. பொங்கல் முடிந்து மழை விட்டதும், பிரசவத்துக்கு முன்னால் பாதையைச் சரி செய்தே ஆக வேண்டும் என்று ஆயிற்று. வலி வந்தால் வேன் அவள் வாசலுக்கே போக வேண்டும். மாப்பிள்ளை, தெரிந்த ஆட்களைக் கூட்டி வருகிறேன் என்றார். நான், நம் வீட்டுப் பாதைக்கு வெளியாள் எதற்கு, நாம் இரண்டு பேர் போதும் என்றேன். அவரை அடித்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன். அவருக்கும் அது விளங்கியிருக்க வேண்டும், சரி என்றார். ஆனால் அடுத்த வார்த்தையிலேயே சண்டை.

"உங்கட கடையிலயே டின்னில வாற குளிர்த் தார் இருக்குதானே மச்சான். திறந்து பூசினா சரி. நெருப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

"அத நான்தான் விக்கிறேன் மாப்ள. அதோட லட்சணம் எனக்குத் தெரியாதா? காய்ச்சி ஊத்துனாத்தான் நிக்கும்."

ஏற்கெனவே ஒரு லொறிக்காரரிடம் சொல்லி அரைப் பீப்பாத் தார் இறக்கி வைத்திருந்தேன். விட்டுக்கொடுக்க மனமில்லை.

சனிக்கிழமை முழுக்கப் பாதையைச் சுத்தம் செய்தோம். சுத்தம் என்று பெயர்தான். அலவாங்குக் கம்பியால் குத்திக் குத்தி வெடிப்புகளைத் திறந்தேன். உள்ளே போயிருந்த வேர்களைக் கத்தியால் வெட்டி, கையில் சுற்றி இழுத்து, மண்ணோடு பிடுங்கி மதிலுக்கு அப்பால் வீசினேன். ஒரு வேர் வராமல் அடம்பிடித்தது. அதைக் கெட்ட வார்த்தையில் திட்டி, மண்வெட்டியால் பதினைந்து இருபது தடவை கொத்தினேன். அதற்குள் அது செத்திருக்கும், நான் நிறுத்தவில்லை. மாப்பிள்ளை கம்பித் தூரிகையோடு குந்தியிருந்து பாசியைச் சுரண்டிக்கொண்டே வந்தார். ஒரு இடம் முடித்தால்தான் அடுத்த இடம். அவர் வேலை செய்வதைப் பார்த்தாலே எனக்குக் காது சூடாகும்.

ஞாயிறு காலை, பாதையின் நடுப்பகுதியில், ஓரமாக மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். பாதியாக வெட்டிய பீப்பாவில் தார் மெதுவாக இளகிக் கறுப்பாகப் புரளத் தொடங்கியது. மாப்பிள்ளை தடித்த சப்பாத்தும் முழுக்கைச் சேர்ட்டும் போட்டுக்கொண்டு வந்தார். நான் சாரமும் செருப்பும். பக்கத்தில் மணல் குவியல், வெடிப்புகளை அடைக்கச் சல்லிக்கல், தாரை இழுத்துப் பரப்ப நீளக் காம்பு போட்ட தும்புத்தடித் துடைப்பம்.

"மச்சான், ஒண்டு சொல்லுறன். தார் கொதிக்கேக்க தண்ணி கிட்ட வரப்படாது. ஒரு கோப்பைத் தண்ணி போதும், பீப்பா முழுக்கப் பொங்கி வெளியில வரும். ஈரத் தும்புத்தடி கூட வைக்காதேங்கோ. நான் வேலையில பாத்திருக்கிறன்."

"சரி சரி" என்றேன். காதில் விழுந்தது. அதை நான் இல்லையென்று சொல்ல முடியாது.

முதல் வாளித் தாரை மேலேயிருந்து ஊற்றினோம். அவர் ஊற்ற, நான் தும்புத்தடியால் இழுத்துப் பரப்பினேன். வெடிப்புகளில் சல்லி போட்டு அடித்தோம். மணல் தூவினோம். வெயில் ஏறியது. புகை கண்ணைக் கரித்தது. ஒரு மணி நேரம் நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. மேலே பத்து எட்டுத் தூரம் பளபளவென்று கறுப்பாகி விட்டது. அதைப் பார்த்து அவர், "வடிவா இருக்கு" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அப்போதுதான் தங்கை வந்தாள். புதிதாகத் தார் பட்ட இடத்தை விலக்கி, மதில் ஓரப் புல்லில் கால் வைத்து, மெல்ல இறங்கி வந்தாள். ஒரு கையில் வயிறு, ஒரு கையில் தேங்காய்.

"அண்ணே, தேங்கா ஒடைக்காம ஆரம்பிச்சிட்டீங்களே. எனக்கு மனசே சரியில்ல."

எங்கள் வீட்டில் எந்த வேலையையும் தேங்காய் உடைக்காமல் தொடங்குவதில்லை. புது லொறி, புதுக் கிணறு, கடையில் புது றாக்கை, எதுவானாலும் முன்னால் ஒரு கல்லில் தேங்காய் சிதற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் கடை வாசலில் நானே உடைக்கிறேன். அன்று அவசரத்தில் மறந்து போனது. இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அதைச் சும்மா விடுவாளா? நான் தேங்காயை வாங்கினேன்.

"இஞ்ச வேண்டாம்" என்றார் மாப்பிள்ளை. "கேட்டடியில போய் உடையுங்கோ. நீரும் தள்ளி நில்லும்." பின்னதை அவர் தங்கையிடம் சொன்னார்.

"வேல நடக்கிற எடத்துலதான் ஒடைக்கணும். கேட்டுல ஒடைக்க இது என்ன கல்யாண வேனா?"

"மச்சான், காலமையே சொன்னனான். தேங்காய்க்குள்ள இருக்கிறது தண்ணிதானே?"

"எங்களுக்கும் தெரியும் மாப்ள. நாங்களும் அறிவோடதான் பொறந்திருக்கோம்."

"அறிவிருந்தா டின் தாரைப் பூசியிருப்பியள். இந்தக் காலத்தில ஆர் வீட்டில பீப்பா வைச்சுக் காய்ச்சுறது?" அவருக்கும் காலையிலிருந்து புகை, வெயில், என்னுடைய வாய். கன்னத்தில் விழுந்த அறையும் எங்கோ உள்ளே இருந்திருக்கும். தும்புத்தடியைக் கீழே போட்டார். வாய்க்குள் சொல்வதுபோல, ஆனால் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "தோட்டக்காட்டுப் புத்தி."

பத்து வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. வந்துவிட்டது. காது சுட்டது.

கையை உயர்த்தி ஓங்கி அடித்தேன். அடுப்புக் கல்லைத்தான் குறி வைத்தேன் என்று பிறகு வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். தேங்காய் பீப்பாவின் விளிம்பில் பட்டு இரண்டாகப் பிளந்தது. ஒரு மூடி என் காலடியில் விழுந்தது. மற்றது தண்ணீரோடு உள்ளே போனது.

ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பீப்பா உறுமியது. பால் பொங்குவதுபோல் தார் மேலே எழும்பியது. ஆனால் பால் இப்படித் துப்பாது. கறுப்புக் கட்டிகள் நாலா பக்கமும் தெறித்தன. தங்கை மூன்று எட்டுத் தூரத்தில் நின்றிருந்தாள். நான் பின்னால் பாய்ந்தேன். என்னை மட்டும்தான் தூக்கிக்கொண்டு போனேன். மாப்பிள்ளை முன்னால் பாய்ந்தார். அவளைக் கட்டிப்பிடித்துத் தன் முதுகைப் பீப்பாவுக்குக் காட்டி, அவளோடு சேர்ந்து மதில் ஓரம் விழுந்தார். விழும்போது அவள் வயிறு தரையில் படாமல் தன் கையை அடியில் கொடுத்திருந்தார். தார் அவர் முதுகிலும் கழுத்திலும் இடது கையிலும் அப்பியது. வழிந்த தார் அடுப்பில் பட்டுத் தீப்பிடித்து, பாதையில் நெருப்பாகவே இறங்கியது.

அந்த மனிதர் அலறியதுபோல் ஓர் அலறலை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. மாடு வெட்டும் இடத்தில் கூட அப்படிக் கேட்டதில்லை. நான் அவர் கையில் ஒட்டியிருந்த தாரைப் பிடித்து உரிக்கப் போனேன். என் விரல்களும் வெந்தன. "உரிக்காதேங்கோ" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தண்ணி ஊத்துங்கோ. நிறைய."

ஹோஸ் பைப்பை இழுத்து வந்து அவர் முதுகில் தண்ணீர் பிடித்தேன். ஒரு கையால் பைப், மறு கையால் மணலை அள்ளி நெருப்பில் எறிந்தேன். தங்கை எழுந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பிள்ளை அசைகிறதா என்று கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்தாள்.  அப்பாவின் பெல்ட்டுக்குக் கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பாதை பாதி கிளறிக் கிடந்ததால் எந்த வாகனமும் மேலே வர முடியவில்லை. ஒழுங்கையில் ஓடும் முச்சக்கர வண்டி கேட்டுக்கு வந்தது. வெந்த மனிதரும் ஏழு மாதக்காரியும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தே இறங்கினார்கள். நான் பின்னால் போனேன். என்னைப் பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு வார்ட், அவருக்கு ஒரு வார்ட். பிள்ளையின் இதயம் துடிக்கிறது என்று தாதி வந்து சொன்னபோது நான் கொரிடோரில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையின் தாரை எண்ணெய் மருந்து பூசிப் பூசி, நாள் கணக்கில் எடுத்தார்கள். தாரோடு தோலும் வந்தது. தீக்காயம் என்பதால் மறுநாள் ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் புத்தகத்தோடு வந்து எப்படி நடந்தது என்று சிங்களத்தில் கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். மாப்பிள்ளை உண்மையைச் சொல்லுவார், என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள், அதுதான் நியாயம் என்று இருந்தேன். அவரோ குப்புறப் படுத்தபடியே, தேங்காய் உடைத்தது தான்தான், தன் கவனக்குறைவு என்றார். பொலிஸ்காரர், வீதி வேலை தெரிந்த நீங்களே இப்படிச் செய்தீர்களா என்று தலையில் அடித்துக்கொண்டு எழுதினார். நான் வாய் திறக்கவில்லை. கோபக்காரன் என்று ஊரில் பெயர் எடுத்தவன், அந்த நேரத்தில் ஒரு கோழையாக நின்றேன்.

பாதையை நான் தனியாக முடித்தேன். கடையிலிருந்து டின் தார் கொண்டு வந்தேன். டின்னில் எழுதியிருந்ததை வாழ்க்கையில் முதல் தடவையாக வாசித்தேன். கம்பித் தூரிகையோடு குந்தியிருந்து, அவர் விட்ட இடத்திலிருந்து பாசியைச் சுரண்டினேன். கழுவி, ஒரு நாள் காயவிட்டு, ஒரு பூச்சு, மறுநாள் இன்னொரு பூச்சு. விரல் கொப்புளங்கள் உடைந்து தும்புத்தடிக் காம்பில் ஒட்டின. வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது. பொங்கி வழிந்த தார் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டியாக இறுகிக் கிடந்தது. அதற்குள் பாதிச் சிரட்டை கவிழ்ந்து பதிந்திருந்தது. அலவாங்கை ஓங்கினேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

பங்குனிக் கடைசியில் ஒரு விடிகாலை, பெருமழையில், வேன் கேட்டுக்குள் நுழைந்தது. நான் குடையில்லாமல் வெளியே நின்றேன். சில்லு ஒரு தடவை கூடச் சுற்றாமல் அவள் வாசலுக்கு ஏறி, அவளை ஏற்றிக்கொண்டு, அதே மாதிரி நிதானமாக இறங்கியது. என்னைக் கடந்தபோது கண்ணாடிக்குள் மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது. தங்கை என் பக்கம் திரும்பவில்லை. பெண் பிள்ளை பிறந்தது. அந்த ஞாயிறிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பிள்ளையைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன்.

பிள்ளைக்கு ஒரு வயதாகும்போது, ஒரு பின்னேரம், மாப்பிள்ளை வெற்றிலைத் தட்டோடு பாதையில் இறங்கி வந்தார். இடது கையின் தோல் இன்னும் கசங்கிய துணி மாதிரி இருந்தது. நான் பாதி வழியில் எதிரே போனேன்.

"வாற வெள்ளிக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில வைச்சுத்தான் குத்த வேணும். வாங்கோ."

தட்டை வாங்க எனக்குக் கை வரவில்லை. "மாப்ள, நான் கல்லக் குறி வைக்கல" என்றேன். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. "பீப்பாவத்தான் பாத்து அடிச்சேன். நீங்க சொன்னது எல்லாம் ஞாபகம் இருந்துச்சி. தங்கச்சி நின்னது மட்டுந்தான் ஞாபகம் இல்ல."

அவர் காலடியில் கிடந்த தார்க் கட்டியைப் பார்த்தார். சப்பாத்து நுனியால் அந்தச் சிரட்டையை ஒருமுறை தட்டினார்.

"தெரியும்" என்றார். "நானும் அந்தச் சொல்லை வாய் தவறிச் சொல்லேல்ல மச்சான். கன நாளா வைச்சிருந்தனான்."

 பிறகு தட்டை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை, புது வேட்டியோடு அவர்கள் வீட்டு ஹோலில் பாயில் உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியோடு முன்னால் இருந்தார். தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து, என் மடியில் இருத்தினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"கெட்டியா புடிச்சுக்கங்கண்ணே. கோவம் வந்திச்சின்னா மட்டும், புள்ளைய யார்கிட்டயாவது குடுத்துட்டு எந்திரிங்க."

சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.